புள்ளலூர்ப் போருக்கு ஒரு பனந்தோப்பு

ஐந்தடிக்கு நாலடி மேசை. அதன்மேல் ஏரிக்கரை, வண்டிப்பாதை, நாலைந்து குடிசை, விரல்நுனி உயரத்தில் சிப்பாய்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அளவு நாடாவும் பகடையும் வைத்துக்கொண்டு, என்றோ நடந்த போரை மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள். இதுதான் மேசைப் போர் விளையாட்டு. பிரஷ்ய ராணுவம் 1824-இல் தன் அதிகாரிகளுக்கு இதைப் பயிற்சியாகவே வைத்தது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகத்தின் மூலம் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். செடிகளின் சிறு கிளைகளை நட்டுத்தான் அவர் தன் களத்துக்குக் காடு அமைத்தார்.

நான் உத்திரமேரூரில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட மேசைகளுக்கு மரம் செய்கிறேன். கொலுவுக்குப் பார்க் கட்டிப் பழகிய கை இது. கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், நடுவே மண்டபம் என்று நவராத்திரிதோறும் நம் வீடுகளில் நடப்பதும் இதே வேலைதான். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழில் உருவம் பிடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்களுக்கு இந்தக் கலை ஒன்றும் புதிதல்ல.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கடையில் வாங்கும் மாதிரி மரங்கள் பெரும்பாலும் ஊசியிலை மரமும் ஓக் மரமும்தான். ஐரோப்பியக் களத்துக்கு அவை பொருந்தும். நம் மண்ணில் நடந்த போருக்கு நம் மண்ணின் மரம் வேண்டும். அதுவும் அந்தக் காலத்தில் இங்கே இருந்த மரமாக இருக்க வேண்டும்.

மரத்துக்கும் வயது உண்டு

காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அங்கே மடக்கின. பெய்லிக்காகக் காஞ்சிபுரத்தில் காத்திருந்தார் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ. இருவரும் சேரவே முடியவில்லை. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, படை சிதைந்தது, பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். மறு ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அதே வட்டாரத்தில் இன்னொரு போர். அதில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

இந்தக் களத்தை மேசையில் அமைக்க வேண்டுமென்றால், இன்று புள்ளலூர்ப் பக்கம் கண்ணில் படுவதையெல்லாம் அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஏரியெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இந்தியாவுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். சாலையோரத் தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, செந்நிறமாகப் பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. இரண்டும் பெய்லியின் காலத்துக்குப் பிந்தியவை. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது பனை, புளி, வேம்பு, இலுப்பை, புங்கம், ஆல், அரசு, மா. 1780-க்கு இவை போதும்.

ஆட்டத்தில் மரம் வெறும் அலங்காரம் அல்ல. நம்முடையது சமவெளி. இங்கே ஒரு பீரங்கியை மறைக்க ஏரிக்கரையை விட்டால் தோப்புதான். பல விதிமுறைகளில், தோப்புக்குள் இருக்கும் படை வெளியே நிற்பவன் கண்ணில் படாது, அதன்மேல் விழும் குண்டும் பாதிதான் பலிக்கும். உள்ளே நடையும் குறையும். அதனால் தோப்பின் எல்லையை ஓர் அட்டையில் வெட்டி, மண் நிறம் பூசி மேசையில் பதிக்கிறோம். மரங்களை அதன்மேல் தனித்தனியாக நிறுத்துகிறோம். சிப்பாய்கள் உள்ளே வரும்போது மரத்தை நகர்த்திக்கொள்ளலாம், தோப்பு எதுவரை என்ற தகராறும் வராது.

பனை

நான் வேலை செய்யும் அளவில் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் ஆகிறது. சிப்பாய் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இருபது மீட்டர்ப் பனை இருபது சென்டிமீட்டர்.

உடலுக்கு நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள மூங்கில் குச்சி. ஃபெவிக்கால் தடவி, அதன்மேல் தையல் நூலை நெருக்கிச் சுற்றினால் ஓலை உதிர்ந்த வளையத் தழும்புகள் வந்துவிடும். அடியில் எம்-சீல் பிசைந்து வைத்துத் தூரைப் பருக்க வைக்க வேண்டும். பனை தரையிலிருந்து சட்டென்று எழுவதில்லை, வேர்க்கட்டோடு அகன்று எழும். பழுப்பு நிறம் பூசிவிடாதீர்கள். வெயிலில் நின்று பாருங்கள், அது சாம்பல் படிந்த கருப்பு.

ஓலைக்குத் தாளை விசிறிபோல் மடித்து, ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு வட்டமாக வெட்டி, ஓரத்தைக் கத்தரியால் கீறிப் பல் பல்லாக்க வேண்டும். மட்டைக்கு மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செம்புக் கம்பி. ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டும். கீழிருந்து ஒட்டிக்கொண்டு போக வேண்டும். முதலில் தொங்கும் காவோலை, காய்ந்த நிறத்தில். அடுத்து பக்கவாட்டில் நீளும் ஓலைகள், நீலம் கலந்த சாம்பல் பச்சையில். உச்சியில் மூடிய குருத்து, இளமஞ்சளில். பெண்பனை என்றால் கழுத்தில் கருப்படித்த கடுகை ஒட்டுங்கள், இந்த அளவுக்கு நுங்குக் குலை அதுதான். அடியில் இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டினால் காற்றடித்தாலும் கை பட்டாலும் சாயாது.

புளி

புளிக்குப் பழைய மின்கம்பிதான் எலும்புக்கூடு. உள்ளிருக்கும் செம்பு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். பாதியில் பிரித்து முறுக்கினால் கிளை. மேலும் பிரித்தால் கொப்பு. ஃபெவிக்காலில் மரத்தூள் குழைத்துப் பூசினால் வெடித்த பட்டை கிடைக்கும்.

தழைக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்சை இதற்கென ஒதுக்கிய மிக்ஸி ஜாரில் தண்ணீரோடு அரைத்து, பிழிந்து, சாயத்தில் பிசைந்து உலர்த்துகிறேன். அடர்பச்சை, நடுப்பச்சை, இளம்பச்சை என்று மூன்று தட்டு. அடர்ந்தது நிழல் விழும் அடிப்பக்கம், இளசு வெயில் படும் உச்சி. எல்லாம் ஒட்டிய பிறகு, மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஃபெவிக்கால் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தெளிக்க வேண்டும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது.

கிளைகளுக்கு இடையே வானம் தெரிகிற சந்து விட வேண்டும். மொத்தையாக ஒட்டினால் காலிஃபிளவர் ஆகிவிடும்.

இதற்குப் பெரிய முதல் எதுவும் வேண்டாம், வீட்டில் கழிந்த பொருளே பாதி. பள்ளிப் பிள்ளைகளின் செயல்திட்டத்துக்கும், வரும் நவராத்திரிப் பார்க்குக்கும் இதே முறை பொருந்தும். பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் தென்னை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால், தெருவில் நிற்கும் ஒரு மரத்தை வரையச் சொல்லுங்கள். அது எந்த ஊரிலிருந்து வந்தது, எப்போது வந்தது என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். மரம் செய்யத் தெரிவதோடு, நாம் வாழும் நிலம் எப்படி மாறியிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.