பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள்

திருப்போரூர் கந்தசுவாமி கோயில் பக்கம் காலையில் போனால், பூக்கடையில் செண்டுமல்லி மாலை தொங்கும். சற்றுத் தள்ளி, ஈரச் சாக்கின்மேல் அரைக்கீரைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்று சாமிக்கு, மற்றது சமையலுக்கு. இரண்டிலும் இருப்பது ஒரே மஞ்சள் நிறமி: லூட்டீன்.

பச்சைக் கீரையில் மஞ்சள் எங்கே? கீரை ஆயும்போது ஒதுக்குகிறோமே, பழுத்த இலை, அதைப் பாருங்கள். பச்சையம் சிதைந்ததும், அதுவரை மறைந்திருந்த லூட்டீன் முதலான நிறமிகள் தெரிய வருகின்றன. கடும் வெயிலில் இலைக்குள் உருவாகும் கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குவதில் இவற்றுக்குப் பங்குண்டு. இப்படி அடக்கும் பொருள்களைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம்.

இதே காவல் நம் கண்ணிலும் நடக்கிறது. விழித்திரையின் நடுவே மாக்குலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஊசியில் நூல் கோப்பதும் எழுத்துக் கூட்டிப் படிப்பதும் அதன் தயவில்தான். அங்கே லூட்டீனும் அதன் உறவான சியாசாந்தினும் படிந்து, நீல ஒளியை வடிகட்டுகின்றன. நம் உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, பசலை, பொன்னாங்கண்ணி எல்லாவற்றிலும் லூட்டீன் உண்டு. மக்காச்சோளத்திலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் உண்டு. இது கொழுப்பில் கரையும் சத்து. அதனால் கடைந்த கீரைக்கு ஊற்றும் தாளிப்பும், முருங்கைக்கீரைப் பொரியலில் தூவும் தேங்காய்த் துருவலும் ருசிக்கு மட்டுமல்ல. சத்து உடலில் சேரவும் உதவுகின்றன.

சத்தியமங்கலம் பக்கம் விளையும் செண்டுமல்லியிலிருந்து லூட்டீனைப் பிரித்தெடுக்கிறார்கள். அது மாத்திரையாகவும் வருகிறது. அப்படியானால் மாத்திரையே போதுமா? லூட்டீனின் இன்னொரு உறவான பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதித்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதை 1994இல் கண்டார்கள். அமெரிக்காவில் 2013இல் வெளியான பெரிய ஆய்வு, மாக்குலா தேய்வு நோயாளிகளுக்குத் தரும் மாத்திரைக் கலவையில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டீன் பாதுகாப்பானது என்றது. அந்தக் கலவை நோயுள்ளவர்களுக்கானது. கண் மருத்துவர் சொன்னால் சாப்பிடலாம். பார்வை மங்கினால் கீரையை நம்பிக் காத்திருக்கவும் கூடாது. பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்குக் கீரைக்கட்டு போதும். லூட்டீனோடு நார்ச்சத்து, ஃபோலேட், வைட்டமின் கே என்று பலவும் அதில் சேர்ந்தே வருகின்றன. நாளைக்குக் கீரை ஆயும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழுத்த இலையைக் கையில் கொடுத்து, “உன் கண்ணுக்குள்ளேயும் இந்த மஞ்சள் இருக்கிறது” என்று சொல்லுங்கள். தட்டில் விழும் கீரையை அப்புறம் அவர்கள் ஒதுக்க யோசிப்பார்கள்.