புள்ளிமானின் இனச்சேர்க்கைப் பருவம்

புள்ளிமானின் இனச்சேர்க்கைப் பருவம் என்பது ஆண் புள்ளிமான்கள் பெண் மான்களுடன் இணைவதற்காகத் தமக்குள் போட்டியிடும் காலமாகும். ஐரோப்பியச் செம்மான்களுக்கு இப்பருவம் பகற்பொழுது குறையும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது. எனவே அங்குள்ள வேட்டைக்காரர்கள் நாட்காட்டியைக் கொண்டே அதன் தொடக்கத்தைக் கணிக்கின்றனர். புள்ளிமான்களுக்கு இம்முறை பொருந்தாது. ஒரே கூட்டத்திலுள்ள ஆண் மான்கள் வெவ்வேறு காலங்களில் பருவமடைகின்றன. ஆண்டின் எம்மாதத்திலும் குட்டிகள் பிறக்கக்கூடும்.

தொடக்க அறிகுறிகள்

ஆண் மானின் கொம்புகள் உதிர்ந்து மீண்டும் முளைப்பவை. வளரும் கொம்பைக் குருதிக்குழாய்கள் நிறைந்த மெல்லிய மயிர்த்தோல் மூடியிருக்கும். ஆண்மை இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் மிகும்போது கொம்பு கெட்டிப்பட்டு, அத்தோல் உரிகிறது. பருவத் தொடக்கத்தின் தெளிவான அடையாளம் இதுவே. பின்னர் ஆண் மான் கொம்பை மரங்களில் தேய்க்கும்; பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளைகளில் உரசும்; கரகரப்பான குரலில் கத்தும். தொடக்கத்தில் நிகழும் கொம்பு மோதல்கள் பெரும்பாலும் வலிமையைச் சோதிக்கும் இலேசான உரசல்களே. மயிர்த்தோல் உரியாத ஆண்கள் கெட்டிக்கொம்புடைய ஆண்களுக்கு வழிவிடுகின்றன.

ஆய்வும் பாதுகாப்பும்

ஜார்ஜ் ஷேலர் மத்தியப் பிரதேசத்தின் கானாவில் 1960களில் புள்ளிமான்களை ஆராய்ந்து, 1967இல் நூலாக வெளியிட்டார். இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். முன்னர் வேட்டைக்காரர்கள் கவனித்த இவ்வறிகுறிகள் இன்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. 1978இல் தேசியப் பூங்காவான சென்னை கிண்டியிலும், நீலகிரி முதுமலையிலும் புள்ளிமான்களைக் காணலாம். அங்கு ஒரு மான் மயிர்த்தோல் மூடிய கொம்புடனும் மற்றொன்று கெட்டிக்கொம்புடனும் அருகருகே மேய்வது நோயின் அறிகுறியன்று. அவற்றின் பருவம் வேறுபடுகிறது என்பதே பொருள்.