எட்டரைக்கு மேல் இடமில்லை!



'பள்ளிக்கூடத்தை வாழவைப்பது சட்டமா, மனமா?' இது தலைப்பு. சட்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால பேசின அம்மா, "ஆசிரியருக்கு மனசிருந்தா மரத்தடியிலகூட பாடம் நடக்கும்"னு சொன்னாங்க. நடக்கும் அம்மா. காது கேக்காத பிள்ளைக்கு அந்த மரத்தடியில சைகை மொழி சொல்லித் தர்றது யாரு? அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது யாரு? (கைதட்டல்)

அமெரிக்காவில டெக்சாஸ் மாநிலத்துல நடந்ததைச் சொல்றேன். குறைபாடு உள்ள எந்தக் குழந்தைக்கும் பொதுப் பள்ளியில் காசு வாங்காமல் தகுந்த கல்வி தரவேண்டும் என்று மத்திய அரசு அங்கே 1975-லேயே சட்டம் போட்டது. ஒரு மாணவருக்கு நாட்டில் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை தருகிறோம் என்றும் சொன்னது. இன்றுவரை ஒரு வருஷம்கூட அந்த 40-ஐத் தொடவில்லை. மிச்சத்தை மாநிலமும் ஊர்ச் சொத்து வரியும் சுமக்கணும். சுமை கூடினா மனுஷன் என்ன செய்வான்? தலையை எண்ணுறதைக் குறைப்பான்!

2004-ல் அந்த மாநிலக் கல்வித்துறை, பள்ளி நிர்வாகங்களை மதிப்பிடும் முறையில் ஒரு எண்ணைச் சேர்த்தது. 8.5. சிறப்புக் கல்வியில் 8.5 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அந்த நிர்வாகத்துக்கு மார்க் குறையும். ஐயா, அந்த அரைப் பிள்ளை எந்த பெஞ்சுல உட்காரும்? (பலத்த சிரிப்பு)

சிரிச்சிட்டோம். ஆனா அப்போ அங்கே 12 சதவீதம் பேர் சிறப்புக் கல்வியில் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது சொல்லிவைத்தாற்போல 8.5-க்கு வந்து நின்றது. நாட்டுச் சராசரி 13. பிள்ளைகளுக்குக் குணமாயிடுச்சா? இல்லை. எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளையைப் பரிசோதிக்காமலே தள்ளிப் போட்டார்கள். செலவு குறைந்த வேறு உதவியில் சேர்த்துக் கணக்கை முடித்தார்கள்.

அந்தப் பள்ளிகளில் மனசுள்ள ஆசிரியர்கள் இல்லையா? இருந்தார்கள். அவர்கள் மனசால அந்த எண்ணை அசைக்க முடிந்ததா? 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. உடனே எதிரணி, "எழுதின பத்திரிகைக்காரர் மனசு!"ன்னு கையைத் தூக்குவீங்க. தூக்குங்க, ஒத்துக்கறேன். (சிரிப்பு) ஆனா 2017-ல் சட்டசபை 'செனட் மசோதா 160' என்று சட்டம் போட்டுத்தான் அப்படி உச்சவரம்பு வைப்பதையே தடுத்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறை, டெக்சாஸ் 1975-லிருந்து வருகிற அந்தச் சட்டத்தை மீறியதாகத் தீர்மானித்தது. பிறகு 2023-ல் எண்ணிக்கை 12 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கதவு திறந்ததும் பிள்ளைகள் வந்துட்டாங்க, அவ்வளவுதான்!

நடுவர் அவர்கள் கேட்கலாம், "8.5-ம் ஒரு சட்டம்தானே?" இல்லை ஐயா. அது சட்டசபையில் பேசி, ஓட்டெடுத்து வந்ததில்லை. அலுவலகத்துக்குள்ளே பிறந்த எண். சட்டமா வந்திருந்தா எதிர்த்துக் கேட்க ஒரு உறுப்பினராவது எழுந்திருப்பார்.

இன்னொன்று. பணத்தை எதை வைத்துப் பங்கிட்டார்கள் தெரியுமா? பிள்ளை பெரும்பாலும் எந்த வகை வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறான் என்பதை வைத்து! தனி வகுப்பென்றால் ஒரு தொகை, பொது வகுப்பென்றால் வேறு தொகை. கண் தெரியாத பிள்ளை பொது வகுப்பில் படித்தால் பிரெயில் ஆசிரியர் வேண்டாமா? என்ன உதவி, எவ்வளவு தேவை என்று பார்த்துக் கொடு என்று 2025-ல் வந்த சட்டம் மாற்றியிருக்கிறது. இதை எத்தனை மனசு சேர்ந்தா செய்ய முடியும்? கஜானா சாவி சட்டத்துக்கிட்ட இருக்கு.

மணி அடிச்சிட்டீங்க. எதிரணி அம்மா, மரத்தடியை நீங்களே வச்சுக்குங்க. ஆசிரியர் சம்பளத்துக்கு எங்க பக்கம் வாங்க. (கைதட்டல்)