கீரிமலைக்குப் போகும் தோல் சீற்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் கடந்து கீரிமலைக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். மேடு பள்ளமில்லாத பாதை. ஆனாலும் தோல் சீற் பூட்டிய பழைய றலி சைக்கிளில் போகிறவர் பாதி வழியிலேயே எழும்பி நின்று உழக்குவதைக் காணலாம். குற்றம் தோலில் இல்லை, சீற்றை வைத்த விதத்தில்தான்.

தோல் சீற் மெத்தை அல்ல, ஏணை. முன்னும் பின்னும் இரும்பில் ஆணி அறைந்து இழுத்துக் கட்டிய ஒற்றைத் தோல். தடிப்பு சுமார் 5 மில்லிமீற்றர். அடியில் பஞ்சும் இல்லை, றப்பரும் இல்லை. நாம் இருக்கும்போது பாரம் இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளில் இறங்கும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் அந்த இரண்டு இடத்திலும் தோல் பதிந்து, ஓடுகிறவரின் உடம்புக்கே அளவாகிவிடும். 1866இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் இன்றும் இப்படித்தான் சீற் செய்கிறது.

முதலில் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். உள்ளங்காலின் முன்பகுதியால் உழக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கும். அடுத்தது சரிவு. சீற் ஏணைபோல நடுவில் தாழ்வதால், அதன் மூக்கு மட்டமாகவோ ஒரு நூல் உயர்ந்தோ இருக்கலாம். தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னுக்கு வழுக்கும். அதைத் தடுக்கக் கை ஊன்றி ஊன்றியே மணிக்கட்டு நோகும்.

மூக்கின் அடியில் தோலை இறுக்கும் போல்ற்றில்தான் பலர் முதலில் கை வைக்கிறார்கள். அது கடைசி வேலை. தோல் உண்மையாகவே தொய்ந்திருந்தால் மட்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்று. அதற்குமேல் முறுக்கினால் ஆணி அறைந்த இடத்தில் தோல் கிழியும்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1990க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டையே சுமந்தது சைக்கிள். அப்படி உழைத்த சைக்கிளின் தோல் சீற்றைக் கழற்றி எறிவதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சீற்றைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இன்னொன்று: தோலுக்குப் பெரும் பகை ஈரம். நனைந்த தோலில் ஏறி இருந்தால் அது இழுபட்டு நீளும். நீண்டது பழைய நிலைக்குத் திரும்பாது. நனைந்துவிட்டால் நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்துக் கீரிமலைக் கேணியில் முழுகுகிறவர்களே, ஈர வேட்டியோடு சைக்கிளில் ஏறாதீர்கள். உலர்ந்ததை உடுத்திக்கொண்டு ஏறுங்கள்.