ஸ்நேர் விழும் நொடி

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு! சென்னையில் ஒரு சின்ன ஹால். மூலைக்கு ஒன்றாக நாலே நாலு எல்.இ.டி. விளக்கு, அதிலும் ஒன்று நீலம். நடுவில் பிரேக்டான்ஸ் போட்டி. நான் 35 எம்.எம். லென்ஸோடு தரையில் குப்புறப் படுத்திருக்கிறேன். சுழலும் ஷூ ஒன்று என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பறக்கிறது. இன்றைக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் எனக்கு வேண்டாம்!

ஆட்டம் தொடங்கும் முன்பே கூத்துதான். ஒருவன் ஈரத்துணியால் தரையைத் துடைத்துத் துடைத்து உள்ளங்கையால் வழுக்கிப் பார்க்கிறான். ஹெட்ஸ்பின் ஆடப்போகிற பெண், வழவழப்பான தொப்பியை இழுத்து மாட்டிக்கொள்கிறாள். இன்னொருவன் முழங்காலுக்குப் பேட் கட்டி, மேலே பேண்டை இறக்கிவிடுகிறான். ஹால் முழுக்க வலித் தைல வாசனை.

ஃப்ளாஷ் கிடையாது, அதில் நான் கறார். தலையில் சுழல்பவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் கழுத்துக்கே ஆபத்து. அதனால் எஃப் 1.8, ஷட்டர் 1/500, ஐ.எஸ்.ஓ. 12800 என்று தொடங்கினேன். படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு! நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. அதில் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். ஷட்டரை 1/100-க்கு இறக்கினேன். கோடு போயிற்று, ஐ.எஸ்.ஓ.வும் 2500-க்கு வந்தது. ஆனால் அசைவில் எல்லாம் கலங்கி, கை எது, கால் எது?

முதல் சுற்று முடிந்து வந்த ஒரு பையன் கேமராவை எட்டிப் பார்த்தான். "அக்கா, என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா லேட்டாயிடும். பாட்டக் கேளுங்க. ஸ்நேர் விழுற இடத்துலதான் நான் நிப்பேன்."

அட! ஸ்நேர் டிரம்மின் அடியைச் சொல்கிறான். தவிலில் தீர்மானம் முடிகிற இடம் நமக்கு முன்கூட்டியே தெரிகிறதே, அதேதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில் டி.ஜே. கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். பாட்டில் டிரம் மட்டும் தனியாக ஒலிக்கிற 'பிரேக்'கை இரண்டு ரெக்கார்டு வைத்து அவர் நீட்டி நீட்டிப் போடுவார். அதற்கு ஆடியவர்கள்தான் பி-பாய்கள். இந்த ஆட்டம் பிறந்ததே டிரம்மிலிருந்து. அதைக் கேட்காமல் நான் கண்ணை மட்டும் நம்பியிருக்கிறேன்!

அதன்பிறகு கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டே எடுத்தேன். ஃப்ரீஸில் உடம்பு அசையாது, 1/100 தாராளம். ஹெட்ஸ்பின்னுக்கு நேரெதிர்: 1/8-க்கு இறக்கிவிட்டால் இரண்டு காலும் விரித்த குடையாகிவிடும். அந்தக் குடைக்காகவே நான்கு சுற்று காத்திருந்தேன்.

ஆடாதவர்களையும் விடக்கூடாது. எதிராளி தடுமாறினால் தரையில் ஒரு தட்டு. வேறொருவர் அசைவைத் திருடினால், இரண்டு கையையும் முதலை வாய் போல மூடிக் காட்டுவார்கள்: 'காப்பியடிக்கிறாய்!' வெளியாள் பார்த்தால் அடிதடி என்றே நினைப்பார். 1980-ல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் அப்படித்தான் நினைத்துப் போலீஸ் சில பையன்களைப் பிடித்தது. படமெடுக்கப் போன புகைப்படக்காரர் மார்த்தா கூப்பர் கேள்விப்பட்டதோ, அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று.

அரையிறுதி. அதே பையன். தரையில் உருண்டு கால் சுழற்றும் விண்ட்மில் இரண்டு சுற்று, மூன்று... ஸ்நேருக்கு ஒரு மயிரிழை முன்னால் அழுத்தினேன். ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்கிறான். வியர்வை நெற்றியை நோக்கி ஓடுகிறது. ஓடி வந்தவன் திரையில் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. விரலால் தொப்பியைப் பெரிதாக்கினான். தொப்பிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"டேய், இங்க வாங்கடா! தலை தரையில படல, பாருங்க!"