உதடு பாடுகிறது, உள்ளம் பாடுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் ஒரு தமிழ்ச் சபை. ஆலய மணி ஒலித்து ஓய்கிறது. ஆர்மோனியத்தில் சுருதி எழுகிறது. கீர்த்தனைப் புத்தகங்கள் திறக்கின்றன. பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்குவதற்குள் முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்வரிசையில் ஒரு தாயின் மனம் வீட்டுச் சமையலுக்குப் போய்விட்டது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. ஒரு சொல்கூடத் தவறவில்லை. சிறு வயது முதல் பாடி வந்த பாட்டு. வாய் தானாகவே பாடிக்கொண்டிருக்கிறது.

இது இன்றைய நோய் அல்ல. உதடும் உள்ளமும் வெவ்வேறு வழியில் போவதை ஏசாயா தீர்க்கதரிசி, கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்திருக்கிறார்.

சமாரியா நாட்டுக் கிணற்றடியில் ஒரு பெண் இயேசுவிடம் கேட்டாள்: தொழ வேண்டிய இடம் எங்கள் மலையா, யூதர்களின் எருசலேமா? மலையும் அல்ல, நகரமும் அல்ல. ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களையே பிதா தேடுகிறார் என்ற கருத்தில் அவர் விடை கூறியதாக யோவான் சுவிசேஷம் தெரிவிக்கிறது. 'உண்மையோடு' என்ற அந்த ஒரு சொல்லின் கனத்தைத் தமிழ்ச் சபையின் வரலாறே எடுத்துக்காட்டுகிறது.

மணலில் எழுதிய பாதிரியார்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மானிய இளைஞர் சீகன்பால்கு. அப்போது அவருக்கு வயது 24கூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைப் படித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

இத்தனை பாடும் எதற்காக? தன் பாவத்தைச் சொல்லி அழவும், தன் நன்றியைச் சொல்லி மகிழவும் மனிதனுக்குச் சொந்த மொழி வேண்டும். இரவல் மொழியில் மன்றாடுகிறவனின் சொல் தொண்டையோடு நின்றுவிடக் கூடும்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே உணர்வு வலுப்பெற்றது. பூசை நெடுங்காலமாக லத்தீனிலேயே நடந்து வந்தது. 1963 டிசம்பர் 4ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் ஆவணத்தை வெளியிட்டது. மக்கள் பொருள் உணர்ந்து வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அதன்பின் பூசை மக்களின் மொழிகளுக்கு வந்தது.

தஞ்சைக் கவிராயர்

சீர்திருத்தச் சபைகளில் சொல் தமிழுக்கு வந்த பிறகும் மெட்டு நெடுங்காலம் ஜெர்மானிய மெட்டாகவே இருந்தது. பப்ரிசியுஸ் ஐயர் போன்றோர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் பொருள் செறிந்தவை. அவை இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. ஆனால் ராகமும் தாளமும் ஊறிய தமிழ்க் காதுக்கு இன்னும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பிற்காலத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆதரவையும் அவர் பெற்றார்.

கோயில் விழாக்களில் மக்கள் கண்டு களித்த குறவஞ்சி நாடக வடிவத்தை எடுத்துக்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் படைத்தார். எண்ணற்ற கீர்த்தனைகளையும் இயற்றினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அதில் சாஸ்திரியாரின் பாடல்களும் சிறப்பிடம் பெற்றன. 1864இல் மறைந்தார் கவிராயர். அவர் பாடல்கள் மறையவில்லை.

பாட்டு ஒன்று, இடம் இரண்டு

இந்தக் கதையில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. அதை மறைத்தால் வழிபாட்டைப் பற்றிய பாடம் பாதியில் நின்றுவிடும்.

அக்காலத் தஞ்சை ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும், தாழ்த்தப்பட்டோர் மற்றொரு பக்கமும் உட்கார்ந்தனர். திருவிருந்திலும் முன்னவர், பின்னவர் என்ற வரிசை இருந்தது. புதிதாக வந்த மிஷனரிகள் இந்த வேற்றுமை கூடாது என்றனர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் சபையை விட்டே விலகினார்கள்.

சாஸ்திரியார் அந்த மாற்றத்தை எதிர்த்தார். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என அவர் நான்கை அடுக்கினார். வேதத்தின் மொழிபெயர்ப்பைத் திருத்தியது, சாதிகளைக் கலந்தது, விழாக்களில் பூக்களை விலக்கியது, ஆராதனையில் தமிழ் இசையை நிறுத்தியது ஆகியவையே அவை. தமிழ்ப் பாட்டுக்காக அவர் பட்ட வருத்தம் நியாயமானது. காலமும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் சக விசுவாசியோடு ஒன்றாக அமர்வதையும் அவர் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்.

உள்ளத்தை உருக்கும் பாட்டைத் தந்த பெரியவருக்கே இது நேர்ந்தது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்ற பொருளில் இயேசு மலைப் பிரசங்கத்தில் போதித்தார். பரவசத்தில் கண்ணீர் வருவது எளிது. பக்கத்தில் இருப்பவருக்குச் சரிசமமாக இடம் விடுவது கடினம். உண்மையோடு தொழுவது என்பதற்கு உரைகல் இந்த இரண்டாவதுதான்.

பழகினால் வரும் பக்தி

மனப்பூர்வமான ஆராதனை வானத்திலிருந்து திடீரென விழுவதில்லை. அது பழக்கத்தால் வளர்வது. சனிக்கிழமை இரவே அதற்குத் தொடக்கம். மறுநாள் வாசிக்கப்படும் வேதபகுதியை வீட்டில் ஒருமுறை படிப்பதும், பாடப்போகும் கீர்த்தனையை ராகம் இல்லாமல் வெறும் சொல்லாக வாசித்துப் பொருள் காண்பதும் பத்து நிமிட வேலைதான். மறுநாள் அதே வரியைப் பாடும்போது மனம் அங்கே நிற்கும்.

பாவ அறிக்கை சொல்லும் நேரம் மற்றொரு வாய்ப்பு. எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொதுவான வாசகத்தின் நடுவே, அந்த வாரத்தில் தான் செய்த ஒரு தவறையாவது மனத்துக்குள் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறவருக்கு அந்த வாசகம் சொந்தமாகிவிடும்.

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. கீர்த்தனையைக் கன்னட எழுத்திலோ, ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொண்டு பாடும் பிள்ளைகள் பலர். குரல் இனிமையாக இருக்கும், பொருள் தெரியாது. வாரம் ஒரு சரணத்தின் பொருளை மாலை ஜெபத்தின்போது தாயோ தந்தையோ விளக்கினால் போதும். மணலில் விரல் வைத்து எழுதிய சீகன்பால்கு பட்ட சிரமத்தைவிட இது பெரிதல்ல.

வறண்ட நாளும் வரும்

இன்னொன்றும் நினைவில் வைக்கத் தக்கது. உள்ளம் உருகுவதுதான் உண்மையான வழிபாடு என்று எண்ணிப் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வேலை பறிபோன வாரத்திலும், வீட்டில் சாவு நேர்ந்த மாதத்திலும் பாட்டு வராது, ஜெபமும் வராது. அந்நேரத்தில் இல்லாத மகிழ்ச்சியை முகத்தில் பூசிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். "எதுவரைக்கும்?" என்று கடவுளையே கேட்கும் குரலும் அங்கே துதியோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. வறண்ட உள்ளத்தை வறண்டபடியே கொண்டுவந்து வைப்பதும் உண்மைதான். நடிப்பு மட்டுமே பொய்.

ஆசீர்வாதம் கூறி ஆராதனை முடிகிறது. கூட்டம் வாசலுக்கு வருகிறது. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் செருப்பு மாட்டும் இடத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். சற்று முன் இருவரும் ஒரே கீர்த்தனையைத்தான் பாடினார்கள். தம்பி ஒரு கணம் தயங்கி, "வாங்கண்ணே, காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று அழைத்துவிட்டால், அன்றைய பாட்டு உள்ளத்திலிருந்துதான் வந்தது என்று நம்பலாம்.