கடைக்குள் ஒரு கிரபிக் டிசைனர்

டிசைன் என்பது அச்சகத்துக்காரர் சும்மா செய்து தரும் வேலை என்ற எண்ணம் நமது வர்த்தகர்கள் பலரிடம் இன்னும் இருக்கிறது. விசிட்டிங் கார்ட் அடிக்கப் போனால் அங்குள்ள பையன் கம்பியூட்டரில் எதையோ தட்டித் தருவான், அத்தோடு விடயம் முடிந்தது. இன்று நிலைமை அப்படியல்ல. நடுத்தரக் கடை ஒன்றுக்கே வட்ஸ்அப்பில் அனுப்ப ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று, முகப்புப் பெனருக்கு ஒன்று, பெக்குக்கு ஒன்று என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது. நோன்பின் கடைசிப் பத்தில் அச்சகத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மசாலாவும் தேயிலையும் பொதி செய்து விற்கும் எனக்கு லேபல்தான் பெரிய தலையிடி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியும் ஒரு சிறு பெக்கட்டில் அடங்க வேண்டும். ஒருமுறை அச்சகம் ஒன்றிலிருந்து வந்த லேபலில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. எங்களிடம் பில் டைப் பண்ண வந்து, மாலை வகுப்பில் டிசைன் படித்துக்கொண்டிருந்த தம்பிதான் காரணத்தைச் சொன்னார். "ஹாஜி, பாமினி எழுத்துரு ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை ஏற்றி வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் கீழே உள்ள ஆங்கிலம்தான் தெரியும். அனுப்ப முன்னர் எழுத்தை வரைபடமாக மாற்றிவிட வேண்டும்." அந்த வாரமே அவருக்குத் தனி மேசை போட்டேன்.

கடைக்குள் இருக்கும் டிசைனரின் பலமே இதுதான். வெளியாளுக்கு நமது சரக்குத் தெரியாது. திரையில் பளபளக்கும் பச்சை, நான்கு மையில் அச்சாகும்போது மங்கும் என்பதும், வெட்டும் ஓரத்துக்கு 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும் என்பதும், படம் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளியாவது இருக்க வேண்டும் என்பதும் வகுப்பிலேயே சொல்லித் தரப்படும். ஆனால் எந்தப் பெக்கட் ஈரத்தில் சுருங்குகிறது, எந்த நிறத்தைப் பார்த்துக் கிராமத்துக் கடைக்காரர் கை நீட்டுகிறார் என்பதெல்லாம் களஞ்சியத்தில் நின்றால்தான் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விளம்பர நிறுவனத்தில் பலவகை வேலை கிடைக்கும், கடையில் ஒரே லோகோவோடு வருடக்கணக்கில் மாரடிக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயமுண்டு. பெனர் செய்வதோடு நின்றுவிட்டால் அங்கேயே தேங்க வேண்டியதுதான். கொள்முதல் விலை, அச்சுக் கூலி, எந்த விளம்பரத்துக்கு எத்தனை தொலைபேசி அழைப்பு வந்தது என்பதையும் கேட்டு அறிபவர், நாளைக்கு அந்த நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்தையே பார்க்கக்கூடியவர்.

முதலாளிமார் பக்கமும் குறை இருக்கிறது. டிசைனர் என்று எடுத்துவிட்டு வங்கிக்கும் தேநீருக்கும் அனுப்புகிறார்கள். "பார்ட் டைம்தானே" என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியைத் தட்டிக் கழிக்கிறார்கள். தற்காலிக ஊழியருக்கும் அது உரியது. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். இதை மறுத்துவிட்டு அவர் நிலைத்து நிற்கவில்லை என்று முறையிடுவதில் என்ன நியாயம்?

செயற்கை நுண்ணறிவு படம் செய்து தரும்போது ஆள் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். படம் வரும். லேபலில் ஓர் எழுத்துப் பிழை போனால் பத்தாயிரம் பெக்கட்டையும் யார் திருப்பி எடுப்பது? மென்பொருளைக் கள்ளப் பிரதியில் ஓட்டுவதும் வேண்டாம். இன்க்ஸ்கேப், கிம்ப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் போது ஊழியர் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை முதலாளிக்கே. ஆனால் உரிமை கையில் இருந்து மூலக் கோப்பு இல்லாவிட்டால் லேபலைத் திரும்ப முதலிலிருந்து வரைய வேண்டும். ஆகவே மாத முடிவில் கோப்புகளை கடையின் வன்தட்டில் பிரதி எடுத்து வையுங்கள். அதேபோல, தான் செய்த வேலைகளின் மாதிரிகளை வெளியில் காட்டிக்கொள்ள அவருக்கு எழுத்தில் அனுமதி கொடுத்து விடுங்கள். அடுத்த வேலைக்கு அவரிடம் இருக்கும் சான்றிதழ் அதுதான்.